மின்னலின் முனகலைக் கேட்கும் செம்புச் சுருள்

உலகில் எங்காவது மின்னல் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறது. சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 50. அவை கிளப்பும் மின்காந்த அலைகளில் மிக நீண்டவை தரைக்கும், உயரே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்துக்கும் இடையில் அடைபட்டு, பூமியின் 40,000 கிலோமீட்டர் சுற்றளவையும் வலம் வருகின்றன. அதனால் அந்த இடைவெளி முழுவதும் விநாடிக்குச் சுமார் 8 முறை அதிர்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஷூமன் 1952இல் இதைக் கணித்தார். இந்த அதிர்வின் காந்தப்புலம் ஒரு பிகோடெஸ்லா அளவுதான். நம் ஊரில் பூமிக்கு இருக்கும் காந்தப்புலத்தில் நான்கு கோடியில் ஒரு பங்கு. கையால் சுற்றிய செம்புச் சுருளே இதைப் பிடித்துவிடும் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் எழும் என்று ஃபாரடே 1831இல் கண்டார். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம். இங்கே மாற்றமோ மிக மெதுவானது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு லட்சம் சுற்று சுற்றினாலும் அரை நானோவோல்ட்தான் தேறும்.

எனவே சுருளின் நடுவில் மியூ-மெட்டல் என்ற நிக்கல்-இரும்புக் கலவைத் தண்டு வைக்கிறோம். பலரும் தடுமாறும் இடம் இது. காந்தப்புலத்தைத் தன்னுள் ஈர்த்துச் செறிக்கும் திறன், அதாவது ஊடுதிறன், 20,000 உள்ள உலோகம் என்றால் 20,000 மடங்கு பலன் வரும் என்று நினைப்பார்கள். வராது. தண்டின் இரு நுனிகளிலும் உண்டாகும் காந்த முனைகள் உள்ளே எதிர்ப்புலத்தை ஏற்படுத்துகின்றன. தண்டு குட்டையாக இருந்தால் அந்த எதிர்ப்பு கடுமையாக இருக்கும். ஒல்லியாக நீட்டினால் தளரும். நீளம் விட்டத்தைப் போல் 30 மடங்கு இருந்தால் கிடைப்பது சுமார் 290 மடங்கு. இரு மடங்கு ஊடுதிறன் உள்ள உலோகத்தைப் போட்டாலும் அந்த எண் அசையாது. காசைக் கொட்ட வேண்டியது உலோகத்தின் தரத்தில் அல்ல, நீளத்தில்.

அடுத்தது கம்பி. பிரிட்டிஷ் அளவுமுறையில் (SWG) 42ஆம் கேஜ் எனாமல் கம்பியின் பருமன் 0.1 மில்லிமீட்டர், தலைமயிர் அளவு. ஒரு லட்சம் சுற்றுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர், அரைக் கிலோ செம்பு, 15 கிலோ-ஓம் மின்தடை. அந்த மின்தடையே வெப்பத்தால் ஓயாமல் இரைச்சல் எழுப்பும். ஆகவே சுற்றுகளை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போக முடியாது.

சுற்றும் விதமும் முக்கியம். நுனி முதல் நுனி வரை அடுக்கடுக்காகச் சுற்றினால், முதல் அடுக்கின் தொடக்கத்துக்கு நேர் மேலே இரண்டாம் அடுக்கின் முடிவு வந்து உட்காரும். பெரிய மின்னழுத்த வித்தியாசம் உள்ள இரண்டு கம்பிகள் அருகருகே அமர்ந்தால் அது மின்னூட்டத்தைத் தேக்கிக்கொள்ளும் மின்தேக்கியாகிவிடும். கம்பி சுற்றும் பாபினைப் பத்து அறைகளாகத் தடுத்து ஒவ்வொன்றாக நிரப்பினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

என் முதல் சுருளில் 38,000ஆம் சுற்றில் கம்பி அறுந்தது. அறைத் தடுப்பின் விளிம்பில் இருந்த சிறு பிசிறுதான் காரணம். அதன் பிறகு விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்க்காமல் கம்பியைத் தொடுவதில்லை.

சுற்றி முடித்த சுருளை மரங்களிலிருந்து தள்ளி மண்ணில் புதைக்க வேண்டும். பூமியின் காந்தப்புலத்துக்குள் தண்டின் நுனி சில நானோமீட்டர் ஆடினாலே ஒரு பிகோடெஸ்லா போலத் தெரியும். காற்றில் மரம் அசைந்து வேர் மண்ணை நெருடினால் அது போதும். புதைத்துவிட்டு இரவு முழுக்கப் பதிவு செய்தேன். காலையில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் அலைமாலையை வரைந்தபோது, மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை) கோபுரத்துக்கு இடப்பக்கம் 7.8இல் ஒரு சிறு மேடு தெரிந்தது. 14இல் இன்னொன்று, 20ஐ ஒட்டி மூன்றாவது.