கூட இருப்பவரும் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்

ஐசியு வாசலில் ஒன்பது நாளாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. உள்ளே கணவருக்குப் பக்கவாதம். பத்தாம் நாள் காலை தலை சுற்றி விழுந்தபோது சர்க்கரை 380. மாத்திரை போட்டே ஒரு வாரமாம்.

நான் பொது மருத்துவர். டெல்டாவில், வயலை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இப்படி விழுகிறவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்த்துவிடுகிறேன். இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது. ரத்தம் கீழேயே தேங்கிக் கால் வீங்கும், சிலருக்கு உறைந்தும் போகும். பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். நோயாளி வீடு திரும்பி மாதக்கணக்கான பிறகும் குடும்பத்தினரிடம் தங்கிவிடும் தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2012 முதல் மருத்துவ இதழ்களில் அது பேசப்படுகிறது.

சர்க்கரை இறங்கிய மறுநாள் அவரிடம் சொன்னேன்: “அம்மா, பின்பக்கம் வயல் இருக்கு. அரை மணி நேரம் நடந்துட்டு வாங்க.”

“அவர் கண்ணு முழிக்கும்போது நான் இல்லைன்னா, டாக்டர்?”

எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. விட்டுவிட்டுப் போனால் ஏதோ நடந்துவிடும் என்கிற பயம். நர்ஸிடம் அவருடைய போன் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். மகளை வாசலில் உட்கார வைத்தோம். அப்புறம்தான் கிளம்பினார்.

மார்கழி மாதம், சம்பா பயிர். திரும்பி வந்தவர் கணவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “எங்க ஒரத்தநாட்டுப் பக்கம் இப்பதான் தூர் கட்டுது டாக்டர். புதாத்துத் தண்ணி எங்களுக்கு லேட்டாத்தான் வரும். இங்க பொதி கட்டிடுச்சு” என்றார். புதாறு என்பது கல்லணைக் கால்வாய். தூர் கட்டுவது பயிர் பக்கக் கிளை விடும் பருவம்; பொதி, கதிர் உள்ளே திரண்டு வெளிவரக் காத்திருக்கும் பருவம். பத்து நாளில் அவர் சொந்தமாகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று மாலை உள்ளே போனபோது அதையே கணவரிடமும் சொல்லியிருக்கிறார். ஐசியுவில் பகல் இரவு தெரியாமல் குழம்பிக் கிடக்கும் முதியவர்களுக்குப் பழகிய குரலில் பழகிய விஷயத்தைப் பேசுவது உண்மையாகவே உதவும். அழுதுகொண்டே கையைப் பிடித்திருப்பதைவிட இது நல்லது.

நடக்கப் போகிறவர்கள் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தையும், ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்கும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். முதலில் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், அது திடீரென இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். தூங்காத உடம்பு வரப்பில் தடுமாறும். அதனால் அகலமான வாய்க்கால் கரையே போதும். மருந்து அடித்த வயல் பக்கம் அன்றைக்குப் போகாதீர்கள்.

செருப்பு போதாது, ஷூ போடுங்கள். கண்ணாடி விரியன் பொழுது சாய்ந்த பிறகு எலியைத் தேடி வரப்பில் நடமாடும். அதற்குள் திரும்பிவிடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். புதரில் உட்கார்ந்தால் உண்ணிக்காய்ச்சல் கிருமியுள்ள பூச்சி கடிக்கலாம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது. அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘வயல் பக்கம் போனேன்’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரமே தொடங்க முடியும்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வயல் இல்லையா? குளக்கரையோ கோயில் பிரகாரமோ போதும். கண்ணுக்குத் தூரம் தெரிய வேண்டும், போன் பைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அம்மா அதற்குப் பிறகு தினமும் காலையில் போய்வந்தார். பதினாறாம் நாள் ரவுண்ட்ஸில் அவருடைய கணவரைப் பார்த்தேன். நாக்கு இன்னும் குழறியது. என்னைத் தாண்டி மனைவியைப் பார்த்துக் கேட்டார்: “கதிர் வந்துடுச்சா?”