கல்யாணப் பெட்டிக்குள் எது எதோடு சேராது

கெட்டுப்போன கல்யாண நினைவுப் பொருட்களைச் சீராக்கித் தருவது என் வேலை. பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் நம்புவது மூக்கைத்தான். ஈர மண் போல வாசம் வந்தால் உள்ளே பூஞ்சணம். தொண்டையைக் கமறினால் அந்துருண்டை. சிக்குப் பிடித்த எண்ணெய் வாசம் வந்தால் யாரோ தேங்காயைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

போன ஆகஸ்டில் மும்பை மாட்டுங்கா மாமி ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் மூன்று வாசமும் சேர்ந்து அடித்தது. மூன்று வருஷத்துக்கு முன் நடந்த மகள் கல்யாணத்தின் நினைவுப் பெட்டி அது. பிளைவுட்டில் செய்து, உள்ளே ஸ்பாஞ்சும் சிவப்பு வெல்வெட்டும் ஒட்டிய அழகான பெட்டி. கூறைப்புடவை, மாலை, ரப்பர் பேண்ட் போட்ட பத்திரிகைக் கட்டு, துணியில் முடிந்த அட்சதை, நலங்குக்கு உருட்டிய தேங்காய், வெள்ளிக் குங்குமச்சிமிழ், வீடியோ சிடி எல்லாம் அதற்குள் இருந்தன. "ஒரு தூசு படாம வெச்சிருந்தேனே" என்றார் மாமி. உண்மைதான், தூசு படவில்லை. உள்ளே இருந்தவையே ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருந்தன.

மாலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பூவின் காம்பிலும் கட்டின் நடுவிலும் ஈரம் நிற்கும். மூடிய பெட்டியில் அந்த ஈரம் பக்கத்தில் இருக்கும் பட்டுக்குத்தான் போகும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டாலே பூஞ்சணத்துக்குப் போதும். மும்பையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 80 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். போதாக்குறைக்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஈர மாலை. புடவையின் முந்தானையில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது அதன் வேலைதான்.

அட்சதை அரிசி. மஞ்சள் தடவினாலும் அரிசி அரிசிதானே, வண்டு வந்துவிட்டது. அரிசியைத் தின்னும் வண்டு பட்டைத் தொடாது என்பது உண்மை. ஆனால் செத்த வண்டுகளைத் தேடி வரும் வேறு சில வண்டுகளின் புழுக்கள் பட்டையும் ருசி பார்க்கும். புடவை உடலில் ஊசிமுனை அளவு ஏழெட்டு ஓட்டைகள் இருந்தன.

ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. வெள்ளி கறுப்பதற்குக் காரணமே கந்தகம்தான். சிமிழ் கறுத்ததுகூடப் பெரிய விஷயமில்லை, தேய்த்தால் போய்விடும். அசல் காஞ்சிப் பட்டின் சரிகையும் வெள்ளிதான்: பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் கொடுத்தது. அது கறுத்தால் சிமிழைத் தேய்ப்பது போலத் தேய்க்க முடியாது. முலாமும் சேர்ந்து போய்விடும். அந்த ரப்பர் பேண்ட் வேறு இளகி, மேலே இருந்த பத்திரிகையில் பிள்ளையார் படத்தின் குறுக்கே பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்துருண்டையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது பூஞ்சணத்தைத் தடுக்காது. சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். அந்துருண்டையும் கற்பூரமும் சேர்ந்தால் இரண்டும் உருகி எண்ணெய் போலக் கசியும், 'ரெண்டு பாதுகாப்பா இருக்கட்டும்' என்று போட்டவர்கள் கறையோடு வருவார்கள். கைக்குழந்தையின் துணிகளோடு அதை வைக்கவே வைக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வசம்பு, காய்ந்த வேப்பிலை போன்றவை பூச்சியை ஓரளவு தள்ளி வைக்கும். தனிப்பையில் கட்டி ஓரமாக வையுங்கள், துணிமேல் படக்கூடாது.

சரி, பின் எப்படி வைப்பது? ஒரு பெட்டிக்குள் நாலைந்து சின்னப் பெட்டிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பட்டு தனி, காகிதம் தனி, வெள்ளி தனி, பூ தனி. தின்பண்டமும் தேங்காயும் வேண்டவே வேண்டாம்.

புடவையை உள்ளே வைப்பதற்கு முன் கறை பார்க்க வேண்டும். பாயசமோ பன்னீர் சோடாவோ சிந்தி, அன்றைக்குக் கண்ணுக்கே தெரியாமல் காய்ந்துபோன சர்க்கரை சில வருஷங்களில் பழுப்புக் கறையாக எழுந்து நிற்கும். வியர்வையும் அப்படித்தான். ஆகவே கல்யாணம் முடிந்த சூட்டோடு டிரைகிளீனிங் கொடுத்துவிடுங்கள், எங்கே என்ன சிந்தியது என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். மஞ்சள் கறையை வீட்டில் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். காரம் பட்டதும் மஞ்சள் சிவந்து, பார்ப்பவருக்குப் பயமாகிவிடும்.

சுற்றி வைப்பதற்குக் கடையில் விற்கும் ஜிப் வைத்த பளபள உறையைவிட அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி மேல். பல தடவை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பருத்தி. நீலம் போடாததாக இருக்கட்டும். மடிப்புகளுக்குள் அதே துணியைச் சுருட்டி வைத்தால் கோடு விழாது. ஒரே மடிப்பிலேயே வருஷக்கணக்கில் கிடந்த சரிகை அந்தக் கோட்டில்தான் உடையும். வருஷம் இரண்டு முறையாவது மடிப்பை மாற்றுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் மும்பை வீடுகளில் பெரிய சிக்கல். இருக்கும் இடம் மூன்றுதான்: கட்டிலுக்கு அடியில், பீரோவில், பரணில். பல வீடுகளில் பரண் என்பது பாத்ரூமுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்! மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவும் மழைக்காலத்தில் வியர்க்கும். வீட்டின் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். செருப்பு டப்பாவில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது உங்கள் வீட்டுக்கு வரும்போதே பெரும்பாலும் ஈரம் குடித்து ஓய்ந்திருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கி, மாறியதும் புதிது வையுங்கள். மழைக்காலத்தில் ஆசைக்குக்கூடப் பெட்டியைத் திறக்க வேண்டாம். போகி சமயத்தில் இங்கே காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும். அப்போது நிழலில் பரப்பி, விசிறிக் காற்றில் அரைநாள் வைத்தால் போதும்.

காகிதத்துக்கு இரண்டே விதி. லேமினேஷன் கூடாது, செலோடேப் கூடாது. திருமணப் பதிவுக்குப் பத்திரிகை கேட்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு நல்ல பிரதி கையில் இருக்கட்டும். சிடியை நம்பாமல் வீடியோவை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

வெள்ளம் புகுந்தால் என்ன செய்வது என்பதை இந்த ஊரில் சொல்லாமல் விட முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதற்கடுத்த வாரம் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் வந்தார். ஆல்பம் மொத்தமும் கட்டியாகிவிட்டது. அவருக்கு அதில் அவ்வளவு கவலை இல்லை. மொய் நோட்டை நீட்டி, "போட்டோ போனாப் போவுது. இது போச்சுன்னா ஊர்ல தலைகாட்ட முடியாதும்மா" என்றார். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு எப்படிப் போவது? பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் நின்றன. மை பேனாவில் எழுதியவை கரைந்து ஓடிவிட்டன. மொய் எழுத உட்காருபவர் கையில் எந்தப் பேனா என்று அன்றிலிருந்து நான் கல்யாணங்களில் பார்ப்பதுண்டு.

ஆல்பத்தையும் அவர் நனைந்த அன்றே கொண்டுவந்திருந்தால் பாதியாவது கிடைத்திருக்கும். நனைந்த போட்டோக்களை ஒட்டிக் காயவிடக் கூடாது, அது மட்டும்தான் முக்கியம். சுத்தமான தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி தனித்தனியாக உலர்த்துங்கள். துடைக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு என்னைப் போன்றவர்களைத் தேடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது.

மாமியின் புடவைக்கு இரண்டு மாதம் ஆனது. பூஞ்சணத்தை எடுத்தேன், நிழல் போல ஒரு கறை மட்டும் நிற்கிறது. ஓட்டைகளுக்குப் பின்னால் மெல்லிய பட்டு கொடுத்துத் தைத்தேன். ஸ்பாஞ்சும் வெல்வெட்டும் போய், பெட்டிக்குள் பழைய வேட்டித்துணி வந்தது. அட்சதையில் சொத்தையில்லாத பத்து அரிசியைப் பொறுக்கி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கொடுத்தேன். மாலையில் மட்டும் ஒரு பூகூடத் தேறவில்லை.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேளா?" என்று கேட்டார். உதிர்ந்துபோன பூவுக்குள் வாழைநார் மட்டும் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்ததைக் காட்டினேன். துடைத்து உலர்த்திச் சுருட்டித் தரச் சொன்னார். அதைப் பெட்டியில் வைக்கவில்லை. பர்ஸில் போட்டுக்கொண்டு போனார்.