'பேக்லிங்க்' என்பது பின்னிணைப்பு அன்று

தேடுபொறித் தரவரிசையைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில், பிற தளங்களிலிருந்து நம் பக்கத்துக்கு வரும் வழியைக் குறிக்கும் 'பேக்லிங்க்' என்னும் சொல்லுக்குப் 'பின்னிணைப்பு' என்ற பெயர்ப்பு ஓயாமல் கண்ணில் படுகிறது. 'தளத்திற்குத் தரமான பின்னிணைப்புகளைச் சேருங்கள்' என்ற வரியைப் படிப்பவர், நூலின் கடைசியில் அட்டவணைகளையும் ஆவணப் படிகளையும் சேர்ப்பதைப் போலத் தம் பக்கத்தின் அடியிலும் எதையோ சேர்க்க வேண்டும் என்றே பொருள்கொள்வார். அது அவருடைய பிழையன்று. தமிழ் நூல்களில் பின்னிணைப்பு என்றால் அதுதான்.

மூலச்சொல்லின் கதை சிறியது. 'லிங்க்' என்பது சங்கிலியின் ஒரு வளையம். அது வலைப்பக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழிக்கும் பெயராயிற்று. அவ்வழியை, அது சென்று சேரும் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் 'பேக்லிங்க்'. 1996-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரினும் தொடங்கிய தேடுபொறி, இவற்றை ஆராய்ந்ததாலேயே 'பேக்ரப்' என்று பெயர்பெற்றது. அதுவே பின்னர் கூகுள் ஆனது.

ஆக, ஆங்கிலத்தில் உள்ள 'பேக்' பார்வையின் திசையைக் காட்டுகிறது. தமிழில் 'பின்' என்று முன்னே வைத்தால் அது இடத்தையோ காலத்தையோதான் காட்டும்: பின்கட்டு, பின்னுரை, பின்மாலை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் சொல்லுக்குச் சொல் வைத்ததால், யார் தருகிறார், யார் பெறுகிறார் என்ற அடிப்படைச் செய்தியே பெயர்ப்பில் மறைந்துவிட்டது. தரவரிசையின் உயிர்நாடியோ அந்தச் செய்தியில்தான் இருக்கிறது. பக்கங்களை மதிப்பிடக் கூகுள் கையாண்ட, 1998-இல் வெளியான 'பேஜ்ரேங்க்' முறையின்படி, ஒரு பக்கத்தின் மதிப்பு அதைச் சுட்டும் பிற பக்கங்களின் மதிப்பிலிருந்து பிறக்கிறது. மதிப்புள்ள பக்கம் ஒன்று சுட்டுவது, பெயரற்ற பல பக்கங்கள் சுட்டுவதைவிட எடை மிக்கதாகலாம். சுட்டும் பக்கம் தன் மதிப்பைத் தான் சுட்டும் எல்லாவற்றுக்கும் பங்கிடுவதால், நூறு பக்கங்களைச் சுட்டும் பட்டியலிலிருந்து கிடைக்கும் பங்கு சிறியதாகிறது. ஆய்வேடுகளை மதிப்பிட, பிறர் அவற்றை எவ்வளவு மேற்கோள் காட்டுகின்றனர் என்று பார்க்கும் பழைய வழக்கமே இதற்கு அடிப்படை. பிறர் தரும் சான்றைத் தானே சேர்த்துக்கொள்ளும் உறுப்பாகக் காட்டும் சொல்லை எப்படி ஏற்பது? இணைப்புகளை விலைக்கு விற்போருக்கு இந்தக் குழப்பம் மிகவும் வசதியாக இருக்கிறது. அப்படிச் செயற்கையாகச் சேர்த்தவற்றைக் கண்டு தரமிறக்கவே 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை அவர்கள் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

'உள்வரும் இணைப்பு' என்பது இதைவிட நூறு மடங்கு மேல். திசை தெளிவாக இருக்கிறது. எனினும் 'இணைப்பு' எனக்கு நிறைவு தரவில்லை. இணை என்றால் சோடி. இணைப்பில் இரு பக்கமும் பங்குகொள்கின்றன. மேலும் மின் இணைப்பு, கடிதத்தின் அடியில் வரும் 'இணைப்பு' என்று அச்சொல் ஏற்கெனவே பெருஞ்சுமையைத் தாங்குகிறது. வலையின் வழியோ ஒருதிசைப்பட்டது. சுட்டப்படும் பக்கத்துக்குத் தன்னை யார் சுட்டுகிறார் என்று தெரிவதே இல்லை. அதனால்தான் வலை முழுவதையும் படித்துத் திரட்டிய பின்னரே ஒரு பக்கத்துக்கு வருபவற்றைக் கணக்கிட முடிகிறது. அம்பு தொடுத்தல், வழக்குத் தொடுத்தல் என்னும் வழக்குகளில் ஒருவரிடமிருந்து மற்றொருவரை நோக்கிச் செல்லும் திசை இருக்கிறது; ஆதலால் 'தொடுப்பு' பொருந்தும். குறளில் (737) 'வருபுனல்' என்று வினைத்தொகையாக நிற்கும் சொல்லைப் போல 'வருதொடுப்பு' என்று அமைத்தால், வெளியே செல்வது 'செல்தொடுப்பு' ஆகும். தளத்துக்குள்ளேயே செல்வது 'அகத்தொடுப்பு' ஆகும். பேச்சு வழக்கில் 'தொடுப்பு' தகாத உறவையும் குறிக்கிறதே என்று சிலர் தயங்குகின்றனர். 'தொடர்பு' என்ற சொல்லுக்கும் அதே நிழல் உண்டு. அதற்காகத் தொடர்பு எண் என்று எழுதுவதை எவரும் விட்டுவிடவில்லை.

பெயர்ச்சொல்லே வேண்டாம் என்றால் தமிழ் விக்கிப்பீடியா காட்டிய வழி இருக்கிறது. அங்கே ஒரு பக்கத்துக்கு வரும் தொடுப்புகளைக் காட்டும் இடத்தில் 'இப்பக்கத்தை இணைத்தவை' என்று எழுதியிருக்கிறார்கள். இணைத்தவர் பிறர் என்பது படித்தவுடன் விளங்குகிறது. இத்தனை எளிய நல்ல தமிழ் கண்முன் இருக்க, தொடுப்பு பதிந்துள்ள சொற்களை, ஆங்கிலத்தின் 'ஆங்கர் டெக்ஸ்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நங்கூர உரை' என்று எழுதுகிறவர்கள், தாங்கள் எழுதியதைத் தாங்களாவது ஒரு முறை படித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. அதைத் 'தொடுப்புரை' என்றால் போதும்.

'அப்டேட்' என்பதைப் 'புதுப்பித்தல்' என்பதிலும் இதே அக்கறையின்மை இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது உரிமம் மாறுவதில்லை, காலக்கெடுதான் நீள்கிறது. அதே கருத்தோடு பலர், உள்ளே ஒரு வரியும் மாற்றாமல் கட்டுரையின் தேதியை மட்டும் மாற்றிவிட்டுத் தரவரிசை உயரக் காத்திருக்கிறார்கள். பொருள் மாறாமல் தேதியை மாற்றுவதைத் தன் வழிகாட்டலில் கூகுள் வெளிப்படையாகவே குறையாகச் சொல்கிறது. புதிய பக்கங்களுக்கு எடை கூட்டிய கூகுளின் 2011 நவம்பர் மாற்றமும் எல்லாத் தேடலுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதன்று. தேர்தல் முடிவைத் தேடுபவருக்கு இன்றைய செய்தி வேண்டும், வெண்பா இலக்கணத்தைத் தேடுபவருக்குப் பழைய நல்ல பக்கமே போதும். இன்றைய நிலைக்கேற்ப உள்ளடக்கத்தைத் திருத்துவதற்கு 'இற்றைப்படுத்தல்' என்ற சொல் இருக்கிறது. 'இற்றை' என்றால் இன்றைய என்று பொருள். தேதியை மட்டும் மாற்றுவதை அச்சொல்லால் குறிக்கக் கூடாது.