எண்ணெயும் மக்கும்

'கடலில் கொட்டிய பெட்ரோலியத்தைப் பாக்டீரியாக்கள் சீரழிக்கின்றன.' மறுபடியும் ஒரு பாடக்குறிப்பில் இப்படிப் படித்தேன். நுண்ணுயிர்கள் பொருளை உடைத்துத் தின்பதை ஆங்கிலத்தில் பயோடிகிரேடேஷன் என்பார்கள்; அதற்கு 'உயிரியல் சீரழிவு' என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பயோ கிரேக்கத்தில் உயிர். டிகிரேட் லத்தீன் வழி வந்தது, படியிறக்குதல். வேதியியலில் பெரிய மூலக்கூறு சிறியதாக உடைவது, அவ்வளவுதான். சீரழிவோ இருந்த நல்ல நிலை கெடுவது. குடும்பம் சீரழியும், ஆறு சீரழியும். இங்கே சீரழிந்தது கடற்கரை, சீரழித்தது எண்ணெய். பாக்டீரியா செய்வது நேர் எதிர் வேலை. ஆல்கனிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியா எண்ணெயில் உள்ள ஆல்கேன் என்ற கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலியின் நுனியில் ஆக்சிஜனைச் சேர்த்து, படிப்படியாகக் கொழுப்பு அமிலமாக்கித் தின்கிறது. கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வெளியேறுகின்றன. இதில் எது சீரழிவு?

'உயிரிச்சிதைவு' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. சிதைவது உயிரியா, உயிரியால் எண்ணெயா? தொகையை விரித்தால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. மூக்குடைந்த சிலையும் சிதைந்ததுதான். தின்று செரிப்பது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை.

மக்குதல் இருக்கிறதே! மட்குதல் என்பதன் பேச்சு வடிவம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தெருத்தொட்டியில் எழுதியிருப்பது சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. அது இலைதழைக்குத்தான் பொருந்தும் என்பார்கள். சரி, அலாஸ்காவைப் பாருங்கள். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி, சுமார் 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அங்கிருந்த பாக்டீரியாக்களுக்கு எண்ணெயில் கார்பன் ஏராளம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதவில்லை. அதனால் கூழாங்கல் கரைகளில் உரம் தெளித்தார்கள். சருகு மக்காமல் கிடந்தால் நாம் சாணியைக் கரைத்து ஊற்றுவதும் இதற்குத்தானே? கற்களுக்கு அடியில் காற்றுப் படாமல் சிக்கிய எண்ணெய் பல ஆண்டு கழித்துத் தோண்டியபோதும் கிடைத்தது. கிளறிவிடாத எருக்குழியின் அடியும் அப்படித்தான் இருக்கும். அப்புறம், அஸ்ஃபால்டீன் போன்ற கனமான பகுதி லேசில் மக்காது; எருக்குழியில் கொட்டாங்குச்சி கிடப்பதைப் போல.

டிகிரேடேஷன் என்றதும் அகராதியில் முதலில் தட்டுப்படும் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்த வாக்கியத்தில் யார் எதை என்ன செய்கிறார் என்று பார்ப்பதே இல்லை. பெயர்ச்சொல் வேண்டுமா, 'நுண்ணுயிரால் மக்குதல்' என்று எழுதலாம். செய்வதைச் சொல்ல வேண்டுமா, 'எண்ணெயை மக்கச்செய்யும் பாக்டீரியா'.