வீட்டுக் கல்வி: ஹோம்ஸ்கூலிங்குக்கு நம் சொல்

ஓர் ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போயிருந்தோம். படிவத்தில் 'மாணவர் பெயர்' என்பதற்குக் கீழே 'பள்ளியின் பெயர்' என்று ஒரு கட்டம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் பள்ளிக்குப் போகவில்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் எல்லாம் வீட்டில்தான். அந்தக் கட்டத்தில் 'ஹோம்ஸ்கூலிங்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "இந்த ஸ்கூல் எங்க இருக்கு மேடம்? மெட்ரிக்கா, சிபிஎஸ்இயா?" என்று கேட்டார். அவர் மேல் தவறே இல்லை. தமிழ்ப் படிவத்தில் தமிழருக்குப் புரியாத ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் துருவிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் பொருள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல், படிப்புக்கான முழுப் பொறுப்பையும் பெற்றோரே ஏற்று, மொழி முதல் வரலாறு வரை எல்லாப் பாடங்களையும் வீட்டிலிருந்தே கற்க வைப்பதுதான் ஹோம்ஸ்கூலிங். இதில் 'முழுப் பொறுப்பையும்' என்பதுதான் அச்சாணி. மாலையில் ஆசிரியர் வந்து சொல்லிக்கொடுத்தால் அது டியூஷன். பிள்ளை பகலில் பள்ளி மாணவர்தான். 2020 இல் பள்ளிகள் மூடப்பட்டபோது செல்பேசியில் நடந்த வகுப்புகளையும் பலர் ஹோம்ஸ்கூலிங் என்றார்கள். அதுவும் இல்லை. அங்கே பாடத்தையும் நேரத்தையும் தேர்வையும் முடிவு செய்தது பள்ளி. இடம் மட்டும்தான் வீடு.

ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் கிடையாது. ஹோம்ஸ்கூலிங் என்பது அமெரிக்காவில் பரவிய பெயர். பள்ளி ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், வகுப்பறையில் பிள்ளைகள் ஏன் தோற்றுப்போகிறார்கள் என்று 1964 இல் ஒரு நூல் எழுதினார். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று சில ஆண்டுகள் முயன்றார். பிறகு அந்த நம்பிக்கை போய், 'பள்ளியில்லாமல் வளர்தல்' என்று பொருள்படும் பெயரில் 1977 இல் ஓர் இதழைத் தொடங்கினார். அவருக்கு 'ஸ்கூல்' என்ற சொல்லே உறுத்தியது. அதனால் 'அன்ஸ்கூலிங்' என்று ஒரு புதுச்சொல்லைப் புழக்கத்தில் விட்டார். பாடத்திட்டம் எதுவும் வைக்காமல் பிள்ளையின் விருப்பம் போகும் வழியிலேயே கற்க விடுவதைத்தான் இன்று அந்தப் பெயரால் சொல்கிறார்கள். மதக் காரணங்களுக்காகப் பள்ளியைத் தவிர்த்த குடும்பங்களும் 1980களில் பெருமளவில் இதில் சேர, 1993 க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும் என்ற நிலை வந்தது.

இங்கிலாந்தில் 'ஹோம் எஜுகேஷன்' என்பார்கள். அங்கே 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளைக்கு வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றது. அந்தக் கல்வி பள்ளிக்குத் தவறாமல் அனுப்புவதன் மூலமாகவோ 'வேறு வகையிலோ' இருக்கலாம் என்றும் சொன்னது. அந்த 'வேறு வகையில்' என்ற இரண்டு சொற்களில்தான் அந்நாட்டின் வீட்டுக் கல்வி முழுவதும் நிற்கிறது. 1977 இல் அங்கே உருவான பெற்றோர் அமைப்பு ஒன்று தன் பெயரையே அந்தத் தொடரிலிருந்து எடுத்துக்கொண்டது.

ஒரு சொல் இவ்வளவு செய்யுமா என்று தோன்றினால் பக்கத்துப் பக்கத்து நாடுகளான ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே மொழி. ஜெர்மனியின் சட்டம் பேசுவது 'பள்ளிக் கடமை'. ஆகவே அங்கே வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதற்கு ஏறக்குறைய முழுத் தடை. ஆஸ்திரியாவில் அது 'கற்பித்தல் கடமை'. அங்கே அனுமதி உண்டு, ஆண்டுதோறும் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். பள்ளியா, கல்வியா என்ற ஒரு சொல் மாற்றம்தான் வேறுபாடு.

நம் நாட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. 2009 இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின் பெயரில் இருப்பது 'கல்வி உரிமை'. அதன் 10 ஆம் பிரிவோ, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. 2012 இல் வந்த திருத்தம், கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையைத் தந்தது. மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. நடைமுறையில் பெரும்பாலோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ தேர்வு எழுதுகிறார்கள். தனித்தேர்வர் என்பது எவ்வளவு அழகான சொல் பாருங்கள். 'பிரைவேட்டா எழுதுறான்' என்று சொன்னால் படிப்பை விட்டவன் என்ற தொனி வந்து ஒட்டிக்கொள்கிறது. தனித்தேர்வர் என்பதில் அது இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். இணையத்தில் இப்போது அதிகம் கண்ணில் படுவது 'வீட்டுப்பள்ளி'. 'வீட்டுப் பள்ளிக்கல்வி', 'இல்லப்பள்ளி' என்றும் எழுதுகிறார்கள். ஹோம் என்றால் வீடு, ஸ்கூல் என்றால் பள்ளி என்று ஒன்றுக்கு ஒன்று வைத்துச் செய்த சொற்கள் இவை. எனக்கு இவற்றில் உடன்பாடு இல்லை. வீட்டுப்பள்ளி என்றதும் கூடத்தில் கரும்பலகை, மணி, வருகைப் பதிவேடு, அம்மா கையில் பிரம்பு என்று ஒரு காட்சிதான் வருகிறது. புதிதாகத் தொடங்கும் பெற்றோர் பலரும் அப்படித்தான் தொடங்கி, இரண்டே மாதத்தில் தாங்களும் களைத்துப் பிள்ளையையும் அழவைக்கிறார்கள். நானும் காலை ஒன்பதரைக்கு முதல் பாடவேளை என்று அட்டவணை ஒட்டியவள்தான். சொல் தவறான படத்தைக் காட்டினால் செய்கையும் அந்தப் படத்தின் பின்னால்தான் போகும்.

இத்தனைக்கும் பள்ளி என்ற சொல்லின் பழம்பொருள் வேறு. படுக்கை, உறங்கும் இடம் என்பதுதான் அது. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், பள்ளியெழுச்சி எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கும் பள்ளி என்றே பெயர். மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக்குகையில் தமிழி என்னும் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டு, சமண முனிவருக்காகச் செய்து கொடுத்த உறைவிடத்தைப் 'பளிஇய்' என்று சொல்கிறது. துறவிகள் தங்கிய இடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுக்க, பள்ளி கல்விக்கூடம் ஆனது. ஸ்கூலின் கதையும் இதற்குத் தொலைவில்லை. கிரேக்க மொழியில் 'ஸ்கோலே' என்றால் ஓய்வு. ஓய்வில் கூடிப் பேசிக் கற்றது, பிறகு கற்கும் இடத்துக்கே பெயரானது. இங்கே உறக்கம், அங்கே ஓய்வு. மணி அடித்ததும் புத்தகத்தை மாற்று என்ற வேகம் இரண்டு சொல்லின் வேரிலும் இல்லை.

வீடு இன்னும் சுவையான சொல். விடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் அது. கெடு கேடாகவும், சுடு சூடாகவும், பெறு பேறாகவும் ஆனது போல விடு வீடானது. அதனால்தான் அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து வரும் விடுதலைக்கும் வீடு என்றே பெயர். அந்தச் சொல்லோடு பள்ளியைக் கட்டுவதைவிடக் கல்வியைக் கட்டுவதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். கல்வி, கல் என்ற வினையிலிருந்து வருகிறது. கற்பவர் செய்யும் வேலை அது. ஸ்கூலிங் என்பதில் பிள்ளைக்கு யாரோ ஏதோ செய்கிறார்கள். கல்வியில் செய்பவளே பிள்ளைதான்.

கல்வி என்று முடியும் தொடர்களில் முன்னால் நிற்கும் சொல் பலவிதமாக வேலை செய்கிறது. பெண்கல்வியில் அது கற்பவரைச் சொல்கிறது. தொழிற்கல்வியில் கற்கும் பொருளை, ஆரம்பக் கல்வியில் படிநிலையை, அஞ்சல்வழிக் கல்வியில் வழியைச் சொல்கிறது. இந்த வரிசையில் வீட்டுக் கல்வி என்றால், வீட்டைப் பற்றிய கல்வியோ என்று யாரும் மயங்கமாட்டார்கள். அதற்குத்தான் மனையியல் இருக்கிறதே. வீட்டுச் சாப்பாடு என்றால் வீட்டில் ஆன சாப்பாடு. அதே போலத்தான் வீட்டுக் கல்வியும்.

'வீட்டுவழிக் கல்வி' என்றும் சொல்லலாமே என்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் சிறப்பாசிரியர் மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடு தேடி வந்து கற்பிக்கும் ஏற்பாட்டுக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. அந்தக் குழந்தைகளின் சொல்லை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'இல்லக் கல்வி' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு கால் கூடிவிட்டால் 'இல்லாக் கல்வி' ஆகிவிடும். போதாததற்கு, தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் கற்பிப்பது. இல்லக் கல்வி என்றால் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். குருகுலம், திண்ணைப் பள்ளி என்று பழம்பெயர் சூட்டுபவர்களும் உண்டு. இரண்டிலும் பிள்ளை தன் வீட்டை விட்டு இன்னொருவரிடம் போனது, ஆகவே பொருந்தாது.

அப்படியானால் வீட்டிலேயே கற்பது நம்மிடம் இல்லாத வழக்கமா? இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் மாவட்டந்தோறும் கல்வி நிலையைக் கணக்கெடுக்கச் சொன்னார். சென்னை நகரில் பள்ளிக்குப் போய்ப் படித்தவர்கள் ஏறக்குறைய 5,500 பேர். வீட்டில் படித்தவர்கள் கிட்டத்தட்ட 27,000 பேர் என்று அறிக்கை வந்தது. ஐந்து மடங்கு. எண்ணிக்கையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே 1826 இல் குறித்தார். ஆனால் உறவினரோ தனி ஆசிரியரோ வீட்டில் கற்பிக்கும் வழக்கம் நாட்டில் எங்கும் உண்டு என்றும் எழுதினார். இதைப் படித்துப் பூரித்துப் போக வேண்டியதில்லை. அந்த 27,000 பேரில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். எழுத்தறிந்த உறவினரோ ஆசிரியர் வைக்க வசதியோ இருந்த வீடுகளுக்குத்தான் அது வாய்த்தது. அப்படி வாய்க்காத கோடிப் பேருக்கு எழுத்தைக் கொண்டு வந்து கொடுத்தது அரசுப் பள்ளிதான். வீட்டுக் கல்வி என்ற சொல்லை நான் பள்ளிக்கு எதிர்ச்சொல்லாக ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. வேதியியல் ஆய்வகமும் பதினொரு பேர் கொண்ட கால்பந்து அணியும் என் வீட்டில் கிடையாது.

சின்ன வயதில் வீடு தருவது வேறொன்று. பாடங்களுக்கு நடுவே சுவர் இல்லாமை. மாமியார் விட்டுப்போன பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒரு நாள் மகள் அரிசியை அள்ளி ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அவளே கண்டுபிடித்தாள். அப்படியானால் உழக்கு கால் படி. ஆழாக்கு? "காலில் பாதி" என்றாள். "அதுக்குத்தான் அரைக்கால்னு பேரு" என்றேன். அரைக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்த நொடியை என்னால் மறக்க முடியாது. 1/8 என்று எழுதியது அதற்கு அடுத்த வாரம்தான். அது தமிழ்ப் பாடமா, கணக்குப் பாடமா? அப்புறம் அதே அரிசியை உளுந்தோடு ஊறவைத்து அரைத்தோம். மாவுப் பாத்திரத்தின் வெளியே பேனாவால் கோடு போட்டு, மணிக்கொரு முறை எவ்வளவு பொங்குகிறது என்று பார்த்தோம். மார்கழியில் ஏன் தாமதமாகப் புளிக்கிறது என்று அவள் கேட்டாள். நுண்ணுயிர், வெப்பநிலை என்று பேச்சு அறிவியலுக்குள் போனது. இதை ஒரு பாடவேளைக்குள் அடக்கிப் பெயர் வைக்க முடியாது. சொல்லில் பள்ளி வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

பேச்சில் ஒரு பெயர்ச்சொல்கூடத் தேவைப்படுவதில்லை. "எந்த ஸ்கூல்?" என்று கேட்கும் பெரியவரிடம் "வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம் பெரியப்பா" என்றால் உடனே புரிகிறது. யாழ்ப்பாணத் தோழி ஒருத்தி "படிப்பிக்கிறம்" என்பாள். அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பாடசாலை என்பதால் வீட்டுப்பள்ளி என்ற சொல் அவளுக்கு இன்னும் அந்நியமாகப் படுகிறது. வீட்டுக் கல்வி என்றால் அவளுக்கும் சரி. எழுத்தில்தான் பெயர் வேண்டும்: வீட்டுக் கல்வி, வீட்டுக் கல்விப் பெற்றோர், வீட்டுக் கல்வியில் படிக்கும் பிள்ளை. அன்ஸ்கூலிங்கைத் தன்விருப்பக் கற்றல் என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

எழுதும்போது டகரத்தை இரட்டித்து, அடுத்து 'க்' என்ற வல்லின ஒற்றையும் போட வேண்டும். வீட்டுப்பாடம், மாட்டுத்தொழுவம் எழுதுவது போலத்தான். வீடு கல்வி, வீட்டு கல்வி இரண்டும் பிழை. போன மாதம் அறிவியல் கண்காட்சிப் படிவத்தில் அதே 'பள்ளியின் பெயர்' கட்டம் மறுபடி வந்தது. மகளே பேனாவை வாங்கி 'வீட்டுக் கல்வி' என்று எழுதினாள், ஒற்று விடாமல். வாங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்தி அடுத்த படிவத்தை எடுத்தார்.