கட்டுரைக்குப் பணம் கட்டும் முன் நூலகத்துக்கு வாருங்கள்

அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணிபுரிகிறேன். அண்மையில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தம் ப்ராஜெக்ட் அறிக்கையைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். ஆதாரங்களாக அவர் அச்செடுத்து வைத்திருந்த தாள் ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பும் ஆய்வுச்சுருக்கமும் இருந்தன. அதற்குக் கீழே, கட்டுரையின் விலையை டாலரில் காட்டும் கட்டணப் பெட்டியும் சேர்ந்து அச்சாகியிருந்தது. கட்டுரையின் உள்ளடக்கம் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சுருக்கங்களை மட்டும் வைத்தே முன்னாய்வுகள் பற்றிய இயல் முழுவதையும் எழுதி முடித்திருந்தார். இரண்டு கட்டுரைகளை மட்டும், டெலிகிராம் குழுவில் முகம் தெரியாத ஒருவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பி வாங்கியிருந்தார். அவ்விரண்டும் கல்லூரிக் கணக்கின் வழியாக நுழைந்தால் ஒரு பைசா செலவில்லாமல் திறப்பவை. ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் இதே கட்டணப் பெட்டி அச்சான தாள்களைப் பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

"கூகுளில் தேடிவிட்டேன் மேடம், அதில் இல்லாதது வேறெங்கும் இருக்காது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். இந்த எண்ணம்தான் அடிப்படைப் பிழை. கூகுளும், ஆய்வுக் கட்டுரைகளுக்கான அதன் தேடுபொறியான கூகுள் ஸ்காலரும் ஒரு கட்டுரை இருக்கிறது என்று காட்டும். அதைப் படிக்கும் உரிமையை வாங்கித் தருவதில்லை. உணவகத்து வாசலில் தொங்கும் பட்டியலைப் படித்துவிட்டுச் சாப்பிட்டு வந்ததாகச் சொல்ல முடியுமா? பதிப்பகங்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டு முழுக் கட்டுரையைப் பூட்டி வைக்கின்றன. நீங்கள் உங்கள் கைப்பேசித் தரவின் வழியாக நேரடியாகப் போனால், பதிப்பகத்தின் தளத்துக்கு நீங்கள் யாரோ ஒரு வழிப்போக்கர். ஒரே கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்கும். அதே கட்டுரைக்குச் சந்தா செலுத்தப்பட்ட நிறுவனத்தின் வாயிலாகப் போனால் கட்டணப் பெட்டி இருந்த இடத்தில் பதிவிறக்கப் பொத்தான் வரும். பக்கமும் கட்டுரையும் ஒன்றுதான். நீங்கள் நுழையும் வழி மட்டுமே வேறு. ஆகவே "கிடைக்கவில்லை" என்று முடிவுகட்டும் முன், எந்த வழியில் தேடினோம் என்று தயவுசெய்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையம், பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற கலை அறிவியல் கல்லூரிகளுக்காக, ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் இணையத்தில் படிக்கத் தரும் என்-லிஸ்ட் சேவையை 2010 முதல் நடத்தி வருகிறது. உறுப்பினராகச் சேர்ந்த கல்லூரியின் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ நள்ளிரவில்கூட நுழையலாம். மின்நூல்கள் மட்டுமே லட்சக்கணக்கில் உள்ளன. இதற்கு மேல், 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட வகுக்கப்பட்டது. மக்கள் வரிப்பணம் இவ்வளவு செலவான பிறகும் நம் பிள்ளைகள் டெலிகிராமில் பணம் கொடுத்துக் கட்டுரை வாங்குகிறார்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எந்த இதழ் எந்தச் சேவையில் வரும் என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அதை நினைவில் வைத்திருப்பது நூலகரின் வேலை, உங்களுடையது அன்று. கட்டுரையின் தலைப்பை மட்டும் கொண்டு வாருங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காசுக்கு வாங்குவது இதைவிடக் கொடுமை. ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகங்கள் இன்ஃபிளிப்நெட்டுக்கு அளிக்க வேண்டும் என்பது மானியக்குழுவின் நெறிமுறை. அப்படி வந்தவற்றைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. அவற்றைப் படிக்கக் கடவுச்சொல்லே தேவையில்லை. தமிழ்த்துறை மாணவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 முதல் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டமும் அதேபோல் திறந்தே கிடக்கின்றன. பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்கிய ஆய்வேட்டை, அந்த மாணவரின் கைப்பேசியிலேயே சோத்கங்காவில் திறந்து காட்ட நேரும்போதெல்லாம், கொடுத்த பணத்தை நினைத்து அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கு கிடைத்த பிறகு நடக்கும் தவறுகளைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடவுச்சொல்லை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது உங்கள் பெயரில் உள்ள கணக்கு, அதில் யார் என்ன செய்தாலும் பதிவேட்டில் உங்கள் பெயர்தான் நிற்கும். ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் ஒரே இரவில் இறக்கிவைக்கும் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். மனிதர் படிக்கும் வேகத்துக்கு மீறிய பதிவிறக்கத்தைப் பதிப்பகத்தின் கணினி தானாகவே கண்டுகொள்ளும். தேதி, நேரம், இணைய இணைப்பின் ஐபி முகவரி ஆகியவற்றைக் குறிப்பிட்டு நூலகத்துக்குக் கடிதம் வரும், விசாரணை முடியும்வரை முழுக் கல்லூரிக்கும் அந்த இதழ்கள் மூடப்படும். ஒருவரின் பேராசைக்காக, மறுநாள் ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய இன்னொருவர் தவிப்பதை நான் கண்டிருக்கிறேன். வேண்டிய கட்டுரையை வேண்டும்போது இறக்குங்கள். நாளையும் அது அங்கேதான் இருக்கும்.

உண்மையிலேயே எந்தச் சந்தாவிலும் இல்லாத கட்டுரைகளும் உண்டு. அப்போதும் பணப்பையைத் திறக்க வேண்டாம். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பைத் தட்டிப் பாருங்கள். பல நேரங்களில் ஆசிரியரே தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் படி வைத்திருப்பார். இல்லையென்றால் அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தம் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புவதில் மகிழாத ஆய்வாளர் அரிது.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களின் கடவுச்சொல் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், பெயர்ப் பட்டியலில் உள்ள மின்னஞ்சல் முகவரி பிழையாக இருப்பதுதான். சேர்க்கையின்போது பிரவுசிங் சென்டர்க்காரர் தம் முகவரியையே பத்துப் பேருக்கும் போட்டு விண்ணப்பித்திருப்பார். அதே பட்டியல் அப்படியே எங்களுக்கு வருகிறது, கடவுச்சொற்களும் அவருக்கே போய்ச் சேர்கின்றன. முதல் பருவம் முடிவதற்குள், மாணவர் தம் கைப்பேசியில் திறந்து காட்டக்கூடிய முகவரியாக ஒவ்வொன்றையும் சரிபார்த்து, வகுப்புவாரியாக நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். பட்டியல் வந்ததும் பதிவேற்றிவிடுகிறோம். முதல் முறை உள்ளே நுழைவதை மாணவர்கள் எங்கள் எதிரிலேயே செய்து பார்க்க, வகுப்புக்கு ஒரு பாடவேளை மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.