ஃபான்ட் ஃபோல்டரில் இருக்கிறது, லிஸ்டில் இருக்கிறதா?

கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் ரோட்டோரம் முழுக்க சாமிமார்களை வரவேற்கிற பேனர்தான், மேலே தமிழ், கீழே மலையாளம். 1956 நவம்பர் வரை இந்த ஊர் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது, இரண்டு எழுத்தும் இங்கே யாருக்கும் அந்நியமில்லை. கம்ப்யூட்டருக்குத்தான் அந்நியம்.

இந்தப் பக்கத்து பிளக்ஸ் கடைகள் சிலவற்றுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. அப்படி ஒரு கடையிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்குப் போன். டிசைன் பார்க்கிற பையன். "அண்ணாச்சி, மலையாளத்துல அய்யப்பன்னு அடிச்சா கடைசி எழுத்து மட்டும் நோஞ்சானா வருது."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அந்தக் கடைசி 'ன்' மலையாளத்தில் சில்லெழுத்து, அதாவது நம்ம புள்ளி வைத்த மெய் மாதிரி உயிர் சேராத எழுத்து. சில்லெழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீடு, எழுத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கிற யூனிகோட் தரத்தின் 5.1 பதிப்பில், 2008இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபான்டில் அது இருக்காது, இல்லாத எழுத்தை இங்க்ஸ்கேப் (பையன் டிசைன் செய்கிற மென்பொருள்) வேறு ஏதாவது ஃபான்டிலிருந்து கடன் வாங்கிப் போடும். தடியான எழுத்து வரிசையில் ஒல்லியாக ஒன்று நிற்பது அதனால்தான். புது ஃபான்டை இறக்கித் தரச் சொல்லலாம் என்று நினைத்தால், பையன் முந்திக்கொண்டான்: "புதுசு இறக்கி, பழசு மேலேயே காப்பி பண்ணி, எஃப்சி-கேஷும் ஓட்டிட்டேன் அண்ணாச்சி, ஒண்ணும் மாறல." (முதல் தடவை இதைப் போனில் சொல்லிக் கொடுத்தபோது அவன் அடித்தது காசுக்கான கேஷ். இப்போது சரியாக அடிக்கிறான்.)

இந்த எஃப்சி-கேஷ் என்ன செய்கிறது என்பதை வோட்டர் லிஸ்ட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பூத்தில் ஆள் நேரில் வந்து நின்றாலும் லிஸ்டில் பேர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. ஃபான்ட் ஃபோல்டர்களை எல்லாம் துழாவி, எந்த ஃபைலில் என்ன பேரில் எந்தெந்த எழுத்து இருக்கிறது என்று எழுதி வைக்கிற வேலை அதனுடையது. இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அந்த லிஸ்டை நம்பித்தான் ஓடுகின்றன.

சரி, லிஸ்டைப் புதுப்பித்த பிறகும் ஏன் மாறவில்லை? வேலை முடிந்தால் இந்தக் கட்டளை வாயே திறக்காது, நாமும் முடிந்தது என்று எழுந்துவிடுவோம். செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வைக்கிற ஹைஃபன் வி சேர்த்து ஓட்டச் சொன்னேன். அந்த ஃபோல்டருக்கு நேரே வந்த வரியைப் படித்தான்: "ஸ்கிப்பிங், எக்ஸிஸ்டிங் கேஷ் இஸ் வேலிட்." அதாவது பழைய லிஸ்டே போதும் என்று தாண்டிப் போய்விட்டது. கடைசி வரியில் "சக்ஸீடட்" என்று வேறு போட்டிருந்தது!

காரணம் சின்னது. ஃபோல்டர் எப்போது மாறியது என்கிற நேரத்தை மட்டும்தான் அது பார்க்கிறது. டெர்மினலில் அதே பேருள்ள ஃபைல் மேலே காப்பி செய்தால் உள்ளடக்கம் மாறும், ஃபோல்டரின் நேரம் மாறாது. ஆகவே புது ஃபைலைப் பழைய விவரத்தோடு லிஸ்டில் வைத்திருந்தது, சில்லெழுத்து இல்லை என்று. ஹைஃபன் எஃப் போட்டால் நேரத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மறுபடி துழாவும். போட்டான், இங்க்ஸ்கேப்பை மூடித் திறந்தான், 'ன்' சதை போட்டு வந்தது.

சந்தேகம் வந்தால் இரண்டு பேரிடமும் கேளுங்கள். எஃப்சி-க்வெரி ஃபைலையே திறந்து படிக்கிறது, எஃப்சி-லிஸ்ட் லிஸ்டைப் படிக்கிறது. இரண்டும் வேறு வேறு சொன்னால் லிஸ்ட் பழசு.

இன்னொன்று, பழைய குறிப்புகளைப் பார்த்து எம்கே-ஃபான்ட்-டிர் ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். அது லினக்ஸில் திரையைக் காட்டுகிற எக்ஸ் சர்வர் தானே எழுத்து வரைந்த காலத்து ஏற்பாடு, இன்றைய டிசைன் மென்பொருள் எதுவும் அந்த லிஸ்டைப் பார்ப்பதில்லை. சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையில், காப்பி செய்தால் மற்றவர்களுக்கும் படிக்கிற உரிமை, அதாவது 644, இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கடை முதலாளி போனை வாங்கினார். தமிழ் ஃபான்ட் மட்டும் காட்டு என்று பையன் எஃப்சி-லிஸ்டில் மொழிக்குத் தமிழின் சுருக்கமான 'டி ஏ' கொடுத்திருக்கிறான், பழைய தமிழ் ஃபான்டான பாமினி வரவில்லை, அழிந்துவிட்டதா என்று பதற்றம். அழியவில்லை அண்ணாச்சி. பாமினியில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டில் உட்கார்ந்திருக்கின்றன, இந்த லிஸ்ட் குறியீட்டைப் பார்த்துத்தான் மொழியைச் சொல்லும். பேரைச் சொல்லித் தேடினால் கிடைக்கும். தேடினார்கள், கிடைத்தது. ஒரே பாமினி, நாலு ஃபோல்டரில் நாலு காப்பி.